ஒரே கட்டளை, ஆறு தளங்கள்

தீபாவளிக்கு வீட்டில் அச்சு முறுக்கு சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். பூ வடிவம் அச்சிலேயே இருக்கிறது. மாவைப் பதமாகக் கரைப்பதுதான் நம் வேலை. மென்பொருள் எழுதுபவர்களிடமும் அப்படி ஓர் அச்சு உண்டு. அதற்கு வார்ப்புரு என்று பெயர்.

ஏன் அச்சு தேவை? நீங்கள் எழுதும் செயலி ஆண்ட்ராய்டில் ஓட ஒரு வகைக் கோப்புகள் வேண்டும். ஐபோனுக்கு வேறு வகை, விண்டோஸுக்கு இன்னொன்று. அவற்றைக் கையால் எழுதினால் ஓர் எழுத்துப் பிழைகூடச் செயலியை உருவாகவிடாமல் தடுத்துவிடும்.

கூகளின் 'ஃபிளட்டர்' கருவியை எடுத்துக்கொள்வோம். இதன் முதல் நிலையான பதிப்பு 2018 டிசம்பரில் வெளிவந்தது. இதில் பொத்தான்களைத் தேட வேண்டியதில்லை. கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'ஃபிளட்டர் கிரியேட்' என்று தட்டி, இடைவெளி விட்டு, செயலியின் பெயரை எழுதுங்கள். பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்க வேண்டும்; சொற்களுக்கிடையே அடிக்கோடு போடலாம், இணைப்புக்கோடு கூடாது. சற்று நேரத்தில் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ், இணையம் ஆகிய ஆறுக்கும் தனித்தனிக் கோப்புறைகள் தயாராகிவிடும்.

நீங்கள் பெரும்பாலும் தொடப்போவது 'லிப்' என்ற கோப்புறையை மட்டும்தான். அதிலுள்ள டார்ட் மொழி நிரல் ஆறு தளங்களுக்கும் பொது. அப்படியே இயக்கினால் திரையில் ஓர் எண்ணும் கூட்டல் குறிப் பொத்தானும் தெரியும். அழுத்த அழுத்த எண் கூடும். அதை அழித்துவிட்டு உங்கள் நிரலை எழுதலாம். (அதைச் சோதிக்கும் கோப்பு 'டெஸ்ட்' கோப்புறையில் இருக்கிறது. அதையும் மாற்ற மறந்தால், பிறகு சோதனை தோற்றதாகச் செய்தி வந்து உங்களைக் குழப்பும்!)

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், கருவி உங்கள் செயலிக்கு 'காம்.எக்ஸாம்பிள்' என்று தொடங்கும் அடையாளத்தைக் கொடுத்துவிடும். அது வெறும் மாதிரிப் பெயர். கூகள் பிளே அதை ஏற்காது. வேறு அடையாளத்தோடு வெளியிட்ட பிறகோ, அதை மாற்றவே முடியாது. மாற்றினால் அது புதிய செயலியாகிவிடும். பழைய பயனர்களுக்குப் புதுப்பிப்பு போய்ச் சேராது. ஆகவே கட்டளை தட்டும்போதே 'ஆர்க்' என்ற தெரிவைச் சேர்த்து, சொந்த அடையாளத்தைக் கொடுத்துவிடுங்கள்.

ஐஓஎஸ் கோப்புறை உங்கள் விண்டோஸ் கணினியிலும் உருவாகும். ஆனால் அதிலிருந்து ஐபோன் செயலியை உருவாக்க மேக் கணினியும் ஆப்பிளின் எக்ஸ்கோடும் வேண்டும். கையில் மேக் இல்லையென்றால், இப்போதைக்கு ஆண்ட்ராய்டிலும் இணையத்திலும் ஓட்டிப் பாருங்கள்.