பாடும் பதவியும்

பழவேற்காட்டு ஏரியில் இறால் வலை கட்டும் இடத்திற்குப் 'பாடு' என்று பெயர். கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி இறால் மிகுதி. ஆனால் வலை கட்டுவோர் பலர், இடமோ சில. இன்னார்க்கு இன்ன நாளில் இன்ன இடம் என்பதைக் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் நெடுங்காலமாகச் சீட்டுக் குலுக்கியே தீர்த்து வந்துள்ளனர். சீட்டில் விழுந்த வரிசைப்படி முறை சுற்றி வரும். நல்ல இடம் ஒருவருக்கே நிலைப்பதில்லை.

பொது அமைப்புகளில் அரசியலும் நிர்வாகமும் கலவாதிருக்க வேண்டும் என்பதை அறிஞர் விளக்கும்போது, 1887இல் உட்ரோ வில்சன் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குவது வழக்கம். பின்னாளில் அமெரிக்க அதிபரான அவர் அப்போது பேராசிரியர். வென்ற கட்சியார் அரசுப் பணிகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. பதவி கிடைக்காத ஒருவன் 1881இல் அதிபர் கார்ஃபீல்டையே சுட்டான். இரண்டாண்டுகளில் தகுதித் தேர்வுக்குச் சட்டம் வந்தது. முடிவெடுப்பது அரசியல், முடிவை நிறைவேற்றுவது நிர்வாகம் என்ற பாகுபாட்டை 1900இல் ஃபிராங்க் குட்நவ் விரித்துரைத்தார்.

இவ்வேறுபாட்டைப் பழவேற்காட்டு மீனவர் எந்நூலையும் நாடாமலே கைக்கொண்டிருந்தனர் எனலாம். விதிகளை வகுப்பது ஊர்க்கூட்டம். இடத்தைத் தருவது சீட்டு. கூட்டத்தில் எவர் குரல் ஓங்கினும் சீட்டுக்கு முகம் தெரியாது. இங்கு நமது ஃபிக்ஹு நூல்களின் 'குர்ஆ' நினைவுக்கு வருகிறது. கூட்டுச் சொத்தைப் பங்கிடுகையில் பங்குகள் சமமாயின் சீட்டுப் போடுவது நன்று என்பர் ஹனஃபி சட்ட அறிஞர். பங்கிடுபவர் ஒருவர் பக்கம் சாய்ந்தார் எனும் ஐயம் நீங்கி உள்ளங்கள் அமைதியுற வேண்டும் என்பதே அவர்கள் கூறும் காரணம். நேர்மையாக நடப்பது மட்டுமன்று, நேர்மையைப் பிறர் ஐயுறாதிருப்பதும் நிர்வாகத்தின் கடமை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

எனினும் சீட்டால் தீராத கேள்வி ஒன்றுண்டு. குடத்தில் யார் பெயரைப் போடுவது? பாடு உரிமை குறிப்பிட்ட ஊரார்க்கும் சமூகத்தார்க்கும் உரியதாக வழங்கி வந்ததால், அதே ஏரியை நம்பிய பிறர் அதற்குப் புறத்தே நின்றனர், பூசல்களும் எழுந்தன. 'இது எங்கள் வழக்கம்' என்பது நிர்வாக மொழி போல் ஒலிக்கும். உள்ளே இருப்பதோ அரசியல். இவ்விரண்டையும் முற்றாகப் பிரித்துவிட முடியாது என 1948இல் டுவைட் வால்டோ வாதிட்டது இத்தகைய இடங்களை நோக்கப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

எதிர்த்திசையிலும் இப்பிழை நேர்வதுண்டு. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் இயங்குபவை. தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவை அகற்றித் தனி அலுவலரை அமர்த்துவது பார்வைக்கு நிர்வாக நடவடிக்கை. அதற்கு ஆறு மாத வரம்பிட்டது 97ஆம் அரசியலமைப்புத் திருத்தம். மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் பெறப்படவில்லை என்ற காரணத்தால், மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அத்திருத்தம் செல்லாது என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. வரம்பு இனி மாநிலச் சட்டத்தின் கையில்தான்.

பள்ளிவாசல் நிர்வாகத் தேர்தல்களில் கட்சி நிறம் ஏறுவதைக் குறித்து நம்மில் பலர் வருந்துகின்றனர்; வருத்தம் நியாயமே. ஆயினும் வரவு செலவுக் கணக்கை எவரும் பார்க்கலாம் என்பதும், கடை வாடகை ஏலம் வெளிப்படையாய் நடப்பதும் உறுதியானால் முத்தவல்லி எக்கட்சியினர் என்பது பெரிதாகாது. மஹல்லாவின் உறுப்பினர் பட்டியலில் வாடகை வீட்டார், புதிதாய்க் குடிவந்தோர், பெண்கள் ஆகியோர் உண்டா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதை எழுத்தரின் வேலை என்று விட்டுவிடுகிறோம்.