திரையும் தீர்ப்பும்

நுழையும்முன்

திரைப்படம் முடிந்து அரங்கின் விளக்குகள் எரிந்ததும் பார்வையாளர் ஒவ்வொருவரும் தம்முள் ஒரு தீர்ப்பை எழுதிவிடுகின்றனர். ஒரே படத்தை ஒருவர் போற்ற, அருகில் இருந்தவர் தூற்றுகிறார். இதழாளர்களின் கருத்துகளும் பிளவுபட்டு நிற்கின்றன. இவ்வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது? எந்தத் தீர்ப்பை ஏற்பது? திரைப்படத் திறனாய்வின் தன்மையை விளக்குகிறது இப்பாடம்.

எடமலைப்பட்டி புதூரில் ஒரு மாலை

திருச்சிராப்பள்ளி மாநகரின் தென்பகுதியில் அமைந்துள்ளது எடமலைப்பட்டி புதூர். முன்னணி நடிகர் ஒருவரின் புதிய படம் வெளியான நாளின் மாலையில், இங்குள்ள தேநீர்க் கடை ஒன்றின் முன்னே நிற்போரின் பேச்சைச் செவிமடுத்தால், தமிழகத்தின் எவ்வூரிலும் கேட்கக்கூடிய உரையாடலே கேட்கும். முதற்காட்சி பார்த்துத் திரும்பிய இளைஞர் ஒருவர், முதற்பாதி விறுவிறுப்பு என்றும் பிற்பாதி இழுவை என்றும் கூறுவார். மற்றொருவர், தம் அபிமான நடிகரின் அறிமுகக் காட்சி ஒன்றுக்கே கொடுத்த பணம் தகும் என்பார். நாளிதழ் விமர்சனம் பாராட்டியிருப்பதை ஒருவர் சுட்டினால், "அவர்களுக்கு என்ன தெரியும்?" என்னும் மறுப்பு உடனே எழும்.

அக்கூட்டத்தில் வாய் திறவாத ஒருவரும் இருப்பார். நண்பர்கள் அனைவரும் குறைகூறும் அப்படம் அவருக்கு மிகவும் பிடித்திருக்கும். அதிலுள்ள ஒரு காட்சி இன்னும் அவர் நெஞ்சை விட்டு அகலாதிருக்கும். எனினும், கேலிக்கு அஞ்சியும் தம் விருப்பத்திற்கான காரணத்தைச் சொற்களில் வடிக்க இயலாமலும் அவர் தலையசைத்து நிற்பார். திறனாய்வு என்னும் கலை முதன்மையாகத் தேவைப்படுவது அந்த இளைஞருக்கே.

அரங்கேற்ற மரபு

புதிய படைப்பைப் பலர் முன்னிலையில் வைத்து மதிப்பிடுவது தமிழர்க்குப் புதிதன்று. நூல் இயற்றிய புலவர், அதனைக் கற்றோர் அவையில் படித்துக் காட்டி, தடைகளுக்கு விடை கூறி, ஒப்புதல் பெறுவதே அரங்கேற்றம் எனப்பட்டது. அவையோரின் மதிப்பீட்டை எதிர்நோக்கும் கவிஞரின் பணிவே அவையடக்கம் என்னும் உறுப்பாகக் காப்பியங்களில் இடம்பெற்றது.

எடமலைப்பட்டி புதூருக்கு வடக்கே, காவிரியைக் கடந்தால் திருவரங்கம். கம்பர் தம் இராமகாதையை அரங்கேற்றியது அத்திருக்கோவிலில்தான் என்பது மரபுவழிச் செய்தி. தாயார் சன்னிதிக்கு எதிரே உள்ள மண்டபம் இன்றும் கம்பர் மண்டபம் என்றே வழங்குகிறது. வான்மீகத்தில் இவ்வாறு இடம்பெறாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் சேர்த்தது முறையா என அறிஞர் சிலர் தடை எழுப்பினர் என்றும், அருகிலுள்ள மேட்டழகிய சிங்கர் தம் ஆரவாரத்தால் அப்படலத்திற்கு இசைவு தந்தார் என்றும் அம்மரபு கூறுகிறது. முதல்நூலில் உள்ளவாறே அமைய வேண்டும் என்பது ஒருசாரார் எதிர்பார்ப்பு. வழிநூல் தனக்குரிய புதுமையைப் படைக்கலாம் என்பது மறுசாரார் நிலைப்பாடு. புதினம் ஒன்று திரைப்படமாகும்போது இன்று எழும் விவாதமும் இதுவே.

திருச்சிராப்பள்ளியும் திரையும்

தென்னிந்தியத் திரைப்பட வரலாற்றில் திருச்சிராப்பள்ளிக்குத் தனியிடம் உண்டு. இந்நகரில் தென்னிந்திய இருப்புப்பாதை நிறுவனத்தில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டில் தூபான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். பின்னர் ஊர் ஊராகச் சென்று கூடாரம் அமைத்துப் படங்களைக் காட்டினார். இந்நகரில் வளர்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த ஹரிதாஸ், 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

சலனப் படங்கள் வந்த தொடக்கத்தில், திரையில் உருவங்கள் அசைவதே வியப்பாக இருந்தது. வியப்பு தணிந்து, ஒரு படத்தை மற்றொன்றோடு ஒப்பிடும் நிலை உருவானபோதுதான் திறனாய்வு தோன்றியது. தமிழின் முதல் பேசும்படமாகக் கருதப்படும் காளிதாஸ் 1931இல் வெளியானபோது சுதேசமித்திரன் அதைப் பற்றி எழுதியது. அக்காலத்தில் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் இசை, நாடகம், திரைப்படம் ஆகியவற்றை விமர்சித்தார் கல்கி. கே.பி. சுந்தராம்பாள் நடித்த நந்தனார் 1935இல் வெளிவந்தபோது, அதில் நடிகர்களைவிட மரங்களும் விலங்குகளுமே நன்றாக நடித்துள்ளன என்னும் பொருள்பட அவர் எழுதிய எள்ளல் இன்றும் நினைவுகூரப்படுகிறது. விமர்சகராக இருந்த அவரே பின்னர்த் தியாகபூமி (1939) படத்திற்குக் கதை எழுதினார்.

தெரிந்து தெளிவோம்

விமர்சனம் என்பது வடமொழி வழி வந்த சொல். திறனாய்வு என்பது திறன், ஆய்வு என்னும் இரு சொற்கள் இணைந்தது. ஒரு படைப்பின் திறனை ஆராய்ந்து கூறுதல் என்பது அதன் பொருள். குறை காண்பது மட்டுமே திறனாய்வு என்னும் கருத்து பிழையானது என்பதை இச்சொல்லே உணர்த்துகிறது.

பிளவுபட்ட தீர்ப்புகள்

விமர்சகர்கள் போற்றிய படத்தை மக்கள் ஏற்காமல் போவதுண்டு. ஏவி.எம். நிறுவனம் தயாரித்து, எஸ். பாலசந்தர் இயக்கிய அந்த நாள் (1954) அதற்குத் தக்க சான்று. பாடலும் நடனமும் இல்லாத தமிழ்ப்படம் அது. தொடக்கத்திலேயே கொலையுண்டு கிடக்கும் மனிதனைப் பற்றி, அவனை அறிந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் கூறுவதாகக் கதை நகரும். சிவாஜி கணேசன் எதிர்மறைப் பாத்திரத்தில் நடித்தார். விமர்சகர்கள் பாராட்டினர், தேசிய விருதுக் குழுவின் நற்சான்றிதழும் கிடைத்தது. பாட்டை எதிர்பார்த்து வந்த மக்களோ ஏமாற்றம் அடைந்தனர். வசூலில் தோற்ற அப்படம், இன்று தமிழ்த்திரையின் முன்னோடிப் படைப்புகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

மக்கள் கொண்டாடிய படத்தை இதழ்கள் சாடியதும் உண்டு. 1952ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த பராசக்தி பெருவெற்றி பெற்றது. மு. கருணாநிதியின் உரையாடல்களை மக்கள் மனப்பாடமாகச் சொல்லி மகிழ்ந்தனர். அதே படத்தைத் தடைசெய்ய வேண்டும் என்னும் குரலும் எழுந்தது. தினமணி கதிர் அதனைக் கடுமையாகத் தாக்கியது. ஒரு படைப்பின் கருத்தோடு உடன்படுவதும் அதன் கலைத்திறனை மதிப்பிடுவதும் வெவ்வேறு செயல்கள். அவை ஒன்றோடொன்று கலந்துவிடும்போது தீர்ப்புகள் கடுமையாகப் பிளவுபடுகின்றன என்பதற்குப் பராசக்தி எடுத்துக்காட்டு.

வணிகரின் கணிப்பை மக்களும் விமர்சகரும் சேர்ந்து பொய்யாக்கியதும் உண்டு. பாரதிராஜாவின் முதற்படமான 16 வயதினிலே (1977) முழுவதும் சிற்றூரிலேயே படமாக்கப்பட்டது. வழக்கமான கதைத்தலைவனுக்குரிய தோற்றம் அதன் நாயகனுக்கு இல்லை. விநியோகம் செய்வோர் வாங்கத் தயங்கியதால் தயாரிப்பாளர் எஸ்.ஏ. ராஜ்கண்ணு தாமே படத்தை வெளியிட்டார். ஆனந்த விகடன் அதற்கு 62½ மதிப்பெண் வழங்கியது. படம் வெள்ளி விழாவும் கண்டது.

காலம் தீர்ப்பை மாற்றுவதும் உண்டு. 2003ஆம் ஆண்டு பொங்கலுக்கு வெளியான அன்பே சிவம், திரையரங்குகளில் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. பின்னர்த் தொலைக்காட்சி வழியே வீடுகளை அடைந்து, புதிய தலைமுறையின் அன்பைப் பெற்றது. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாரின் 'ஆட்டத்தின் விதிகள்' 1939இல் பாரிசில் வெளியானபோது பார்வையாளரின் ஏளனத்திற்கு ஆளானது. விரைவில் தடையும் செய்யப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பின் சிதறிய பகுதிகளைத் திரட்டிச் செப்பனிட்டபோது, உலகின் தலைசிறந்த படங்களுள் ஒன்றாக அது போற்றப்பட்டது.

வேறுபாட்டின் காரணங்கள்

இத்தகைய வேறுபாடுகளுக்குப் பல காரணங்கள் உள்ளன. முதலாவது எதிர்பார்ப்பு. விளம்பரமும் நடிகரின் முந்தைய படங்களும் பார்வையாளர் மனத்தில் முன்கூட்டியே ஒரு படத்தை வரைந்துவிடுகின்றன. திரையில் காண்பது அதனோடு பொருந்தாவிடின் ஏமாற்றம் தோன்றுகிறது. அந்த நாள் படத்திற்கு நேர்ந்தது இதுவே.

இரண்டாவது பட்டறிவு. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான படங்களைக் காணும் விமர்சகருக்குப் பழகிய கதையமைப்பு சலிப்பைத் தரும். திங்கள் முழுவதும் உழைத்து, குடும்பத்தோடு ஒரு மாலை அரங்குக்கு வரும் தொழிலாளிக்கு அதே கதையமைப்பு இளைப்பாறுதலைத் தரும். இருவருள் எவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் அப்படத்திடம் கேட்கும் வினாக்கள் வேறு. தம் மனத்துக்கு நிறைவு கிடைத்ததா என்று ரசிகர் கேட்கிறார். படைப்பாளர் எதனைச் செய்ய முயன்றார், அம்முயற்சி எவ்வளவு கைகூடியது என்று விமர்சகர் கேட்கிறார்.

மூன்றாவது பற்று. அபிமான நடிகரின் தோல்வியைத் தம் தோல்வியாகக் கருதும் ரசிகர், குறையைச் சுட்டுவோரைப் பகைவராக எண்ணுகிறார். போட்டி நடிகரின் ரசிகரோ படத்தைப் பார்க்கும் முன்பே வெறுக்கத் தொடங்கிவிடுகிறார். இவ்விரு நிலைகளிலும் படம் பார்க்கப்படுவதே இல்லை.

நான்காவது சூழல். நிறைந்த அரங்கில் பிறரோடு சேர்ந்து சிரிக்கும்போது சாதாரண நகைச்சுவையும் பொலிவு பெறுகிறது. அதனையே தனியறையில் கைப்பேசித் திரையில் காண்போர் சிரிப்பதில்லை.

உரிமையும் பொறுப்பும்

முன்பு வார இதழின் விமர்சனம் படிப்போர் கைக்கு வந்துசேரப் பல நாள்கள் ஆகும். இன்று முதற்காட்சியின் இடைவேளையிலேயே தீர்ப்பு இணையத்தில் பரவிவிடுகிறது. ஒரு படத்தின் வருவாயில் பெரும்பங்கு முதல் சில நாள்களிலேயே கிடைப்பதால், அவசரத் தீர்ப்புகள் நூற்றுக்கணக்கானோரின் உழைப்பையும் தயாரிப்பாளரின் முதலீட்டையும் பாதிக்கின்றன என்பது திரைத்துறையினரின் வருத்தம். படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடைசெய்யுமாறு தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் அமைப்பு ஒன்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. விமர்சனம் கருத்துரிமையில் அடங்கும் என்பதைச் சுட்டி, பொதுவான தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது.

தயாரிப்பாளரின் வருத்தத்தில் உண்மை இருக்கிறது. பணம் கொடுத்துப் படம் பார்த்தவர் தம் கருத்தைக் கூறும் உரிமையும் உண்மையே. கருத்துரைப்போர் பொறுப்போடு கருத்துரைத்தால் இரண்டும் முரணின்றி நிலவும். படத்தைக் குறைகூறலாம், நடித்தவரின் நிறத்தையும் உடலையும் குடும்பத்தையும் இழிவுபடுத்துதல் விமர்சனம் ஆகாது. கதையின் முடிச்சை வெளிப்படுத்துவது, இனிப் பார்க்கவிருப்போரின் சுவையைப் பறிப்பதாகும். பணமோ பகையோ காரணமாகப் போற்றுவதும் தூற்றுவதும் படிப்போரை ஏமாற்றும் செயல்கள்.

காரணத்தோடு கூறுதல்

நல்ல திறனாய்வு மூன்று படிகளில் அமையும். படைப்பில் கண்டதைத் திரிக்காமல் கூறுதல் முதற்படி. அது எவ்வாறு செய்யப்பட்டுள்ளது என ஆராய்தல் இரண்டாம் படி. கதையோட்டம், நடிப்பு, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை ஆகியன ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்பதை இங்கே காண வேண்டும். இவற்றின் அடிப்படையில் மதிப்பிடுதல் மூன்றாம் படி. பலர் மூன்றாம் படியில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகின்றனர்.

'படம் மெதுவாகச் செல்கிறது' என்பது ஓர் உணர்வு. அம்மெதுவான நடை, தனித்து வாழும் முதியவரின் நீண்ட பகலை உணர்த்துவதற்காக அமைந்ததா, கூறுவதற்குக் கதை இல்லாமையால் நேர்ந்ததா என்று வினவும்போது அவ்வுணர்வு திறனாய்வாக மாறுகிறது. தொல்காப்பியர் நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்துரைத்தார். ஒரு காட்சி எந்த மெய்ப்பாட்டை எழுப்ப முனைகிறது, பார்ப்போரிடம் அது எழுகிறதா என்று ஆராய்வதற்கு அவ்வகைப்பாடு இன்றும் துணை செய்யும்.

இவ்வாறு காரணம் கூறப் பழகியவருக்குப் பெரும்பான்மையினரின் கருத்தும் புகழ்பெற்ற விமர்சகரின் கருத்தும் அச்சம் தருவதில்லை. அவர்தம் கருத்தைக் கேட்டு, தக்கதாயின் ஏற்று, அல்லாவிடின் மறுத்து, தம் கருத்தையும் தேவையானபோது மாற்றிக்கொள்வார். எடமலைப்பட்டி புதூர்த் தேநீர்க் கடையின் முன் வாய்மூடி நின்ற இளைஞர், தம் நெஞ்சில் நின்ற அந்த ஒரு காட்சியை எடுத்துரைத்து, அது ஏன் நின்றது என்பதையும் விளக்கத் தொடங்கினால், நண்பர்கள் உடன்படாமல் போகலாம், ஆயினும் கேட்பார்கள். அவர்களுள் ஒருவரேனும் மறுமுறை அப்படத்தைப் பார்க்கும்போது அக்காட்சிக்காகக் காத்திருப்பார்.

கற்பவை கற்றபின்

1. அண்மையில் பார்த்த திரைப்படம் ஒன்றைப் பற்றி, கதை முடிவை வெளிப்படுத்தாமல் ஒரு பக்க அளவில் திறனாய்வு எழுதுக.

2. ஒரே படத்திற்கு இரு நாளிதழ்களில் வெளிவந்த விமர்சனங்களைத் தொகுத்து, அவை வேறுபடும் இடங்களையும் காரணங்களையும் அட்டவணைப்படுத்துக.

3. 'மக்கள் வரவேற்பே ஒரு படத்தின் தரத்தை முடிவு செய்கிறது' – இக்கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பில் உரையாடுக.