60 ரூபாய் சுகர் மாத்திரை இப்போ 10 ரூபாய்க்கும் கீழே... அப்பாவுக்கு மாற்றிடலாமா?

காந்திபுரத்திலோ பீளமேட்டிலோ வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் அப்பா, அம்மாவுக்கு சுகர் மாத்திரை வாங்குபவரா நீங்கள்? அப்படியென்றால் எம்பாகிளிஃப்ளோசின் என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். ஜெர்மனியின் போரிங்கர் இங்கெல்ஹைம் நிறுவனம் ‘ஜார்டியன்ஸ்’ என்ற பெயரில் விற்ற மாத்திரை இது. ஒன்றின் விலை சுமார் 60 ரூபாய். 2025 மார்ச்சில் இந்தியாவில் இதன் காப்புரிமை முடிந்ததும் உள்ளூர் கம்பெனிகள் வரிசையாகக் களமிறங்கின. இப்போது 10 ரூபாய்க்கும் கீழே கிடைக்கிறது. மாதம் 1,800 ரூபாய் போன இடத்தில் 300 ரூபாய் போதும்.

“அப்போ இதையே வாங்கிடலாமே?” அங்கேதான் சிக்கல். எல்லாமே சுகர் மாத்திரைதான், ஆனால் செய்யும் வேலை வேறு வேறு.

பெரும்பாலானோருக்கு டாக்டர் முதலில் எழுதும் மெட்ஃபார்மின், கல்லீரல் ரத்தத்தில் சேர்க்கும் சர்க்கரையைக் குறைக்கிறது. எம்பாகிளிஃப்ளோசின் ரூட்டே வேற. அது சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுகிறது. இதயச் செயலிழப்பு, சிறுநீரகப் பாதிப்பு இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் பலன் உண்டு. ஆனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். பெரியவங்க கூச்சப்பட்டுச் சொல்ல மாட்டாங்க, நாமதான் கேட்கணும்.

அதிகம் கவனிக்க வேண்டியது கிளிமிபிரைடு. இது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பிட்டீர்களா, இல்லையா என்றெல்லாம் பார்க்காது. தைப்பூசத்துக்கு விரதம் இருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனிக்கு நடப்பவர்களும், நைட் ஷிப்ட்டில் சாப்பாட்டைத் தள்ளிப்போடும் மில் தொழிலாளர்களும் இதை எடுத்தால் சுகர் சட்டென இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் எல்லாம் அதற்கான அறிகுறிகள். நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்க. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்க. மெட்ஃபார்மினையோ எம்பாகிளிஃப்ளோசினையோ தனியாக எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு.

இன்னொரு குழப்பம், கூட்டு மாத்திரைகள். பலர் வீட்டிலும் இருக்கும் ‘கிளைகோமெட் ஜிபி 1’ பார்க்க ஒரே மாத்திரைதான். ஆனால் உள்ளே 500 மி.கி. மெட்ஃபார்மினும் 1 மி.கி. கிளிமிபிரைடும் இருக்கின்றன. எம்பாகிளிஃப்ளோசின் மெட்ஃபார்மினோடு சேர்த்தும் விற்கப்படுகிறது. விலை குறைஞ்சுடுச்சேன்னு அதை வாங்கிப் பழையதோடு சேர்த்துக் கொடுத்தால், மெட்ஃபார்மின் இரண்டு மடங்காகிவிடும்.

மாத்திரையை மாற்றும் முடிவை டாக்டரிடம் விடுங்க. அடுத்த முறை போகும்போது எல்லா அட்டைகளின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து, கிரியாட்டினின் ரிப்போர்ட்டோடு காட்டுங்க.