சட்டை சிறியதாயிற்று, அவ்வளவே!

கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முந்தைய வாரங்களில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமிராது. குடும்பம் குடும்பமாகப் புத்தாடை வாங்க வருகின்றனர். அங்கே துணிக்கடை ஒன்றின் நெடிய கண்ணாடி முன்னே பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி நிற்பதாக எண்ணிப் பாருங்கள். பள்ளிக் கூடைப்பந்துக் குழுவில் ஆடுபவள் அவள். தோள் சற்று அகன்றிருக்கிறது. சட்டையின் கை பிடிக்கிறது. “ஓடி ஓடி ஆம்பளைப் பையனாட்டம் ஆயிட்டே! எந்தச் சட்டையும் உனக்குச் சேர மாட்டேங்குதே!” என்கிறாள் தாய். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். கடைச் சிப்பந்தி சிரித்தார், மகளும் சிரித்தாள். ஆனால் அன்றிரவு அவள் தனக்குச் சோறு வேண்டாமென்றாள். மறுவாரம் பந்தாட்டப் பயிற்சிக்கும் செல்லவில்லை.

அவளுடைய பதினாறு வயது அண்ணனுக்கு வேறொரு கவலை. கைப்பேசியில் கண்ட கட்டுமஸ்தான உடலோடு தன் மெலிந்த மார்பை ஒப்பிட்டு வெட்கப்படுகிறான். நண்பன் சொன்ன மாவு டப்பா ஒன்றை வாங்கப் பணம் கேட்கிறான். ஒருத்தி தன் உடலைக் குறைக்கவும், ஒருவன் தன் உடலைப் பெருக்கவும் தவிக்கின்றனர். இருவரையும் வாட்டும் நோய் ஒன்றே. தம் உடலால் என்ன செய்ய முடியும் என்பதை மறந்து, அது எப்படித் தெரிகிறது என்பதை மட்டுமே அவர்கள் எண்ணத் தொடங்கிவிட்டனர். இந்நோய்க்குச் செலவில்லா மருந்து ஒன்று நம் வீட்டு மொட்டை மாடியிலேயே இருக்கிறது. முறையான வலிமைப் பயிற்சியே அம்மருந்து.

நந்தனத்து மைதானம்

வலிமை என்பது பணமுள்ளோர்க்கும் பதக்கம் பெறுவோர்க்கும் உரியதென்று நம்மில் பலர் கருதுகின்றோம். மயிலைக்கும் தியாகராய நகருக்கும் அண்மையில், நந்தனத்தில் அமைந்துள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியின் வரலாறு வேறு கதை சொல்கிறது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் என்பவர் 1920ஆம் ஆண்டு சென்னையில் இதனைத் தொடங்கினார். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்கு இந்திய வீரர்களை அழைத்துச் சென்றவரும் அவரே. ஆயினும் அவர் தம் வாழ்நாளைச் செலவிட்டது சில வீரர்களுக்காக அன்று. உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதற்காகவே. வெற்றி பெறுபவன், பெறாதவன், பருத்தவன், மெலிந்தவன் என்ற வேறுபாடின்றி வகுப்பிலுள்ள அனைவருக்கும் உடற்பயிற்சி உரியது என்பதே ‘டிரில் மாஸ்டர்’ என்னும் பணியின் பொருள்.

வலிமை எவ்வாறு பிறக்கிறது?

“எடை தூக்கினால் பிள்ளை வளர மாட்டான்” என்பது நம் வீடுகளில் வழங்கும் அச்சம். எலும்பு முனைகளிலுள்ள மென்மையான வளர்ச்சிப் பகுதி நசுங்கிவிடும் என்று அஞ்சுகின்றோம். முறை தெரிந்தவரின் மேற்பார்வையில் செய்யும் அளவான பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் தெளிவுபடுத்தியுள்ளது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலை நன்கு இயக்க வேண்டும். அதில் வாரம் 3 நாளேனும் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வழங்கிய அறிவுரை.

தொடக்க வாரங்களில் வலிமை கூடும். ஆனால் கை பருக்காது. இதனைப் பிள்ளைகள் அறிந்திருத்தல் அவசியம். உள்ள தசைநார்களை ஒருங்கே இயக்க நரம்புகள் முதலில் கற்றுக்கொள்கின்றன. பூப்புப் பருவத்திற்கு முன் வலிமை கூடுவது பெரும்பாலும் இவ்வழியிலேதான். பின்னர், ஆண் பிள்ளைகளிடம் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்புநீர் மிகும்போது தசையும் திரளும். பெண்களிடம் அது மிகக் குறைவாகச் சுரப்பதால், அவர்கள் எளிதில் ஆண்களைப் போல் பருத்துவிடுவதில்லை. ஆகவே அண்ணன் பொறுமை இழக்க வேண்டுவதில்லை. தங்கை அஞ்ச வேண்டுவதில்லை.

வீட்டிலேயே செய்யத்தக்கவை

வாரம் 2 அல்லது 3 நாள், ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் போதும். அடுத்தடுத்த நாட்களில் செய்யலாகாது. தசை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது ஓய்விலேதான். முதல் 5 நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடியும், கைகளைச் சுழற்றியும் உடலைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும்.

முதலாவது தண்டால். தரையில் முடியாதவர் சுவரில் கையூன்றித் தொடங்கலாம், பின்னர் அசையாத மேடை அல்லது கட்டில் விளிம்பு, அதன்பின் தரை. இரண்டாவது பஸ்கி. பின்னால் ஒரு நாற்காலியை வைத்து, அதில் அமர்வது போல் தாழ்ந்து எழ வேண்டும். முழங்கால்கள் உட்புறம் சாயாமல் பாதங்களின் நேரே இருக்க வேண்டும். மூன்றாவது, முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகை போல் நேராக நிறுத்துதல். தொடக்கத்தில் 15 வினாடி போதும். நான்காவது, பாடப் புத்தகங்கள் நிறைந்த பள்ளிப் பையை, முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து முன்சாய்ந்து, வயிற்றை நோக்கி இழுத்தல். ஐந்தாவது, இரு கைகளிலும் தண்ணீர்ப் புட்டிகளை ஏந்தி மாடிப்படியில் நிதானமாக ஏறி இறங்குதல். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதைவிட மலிவான எடைக்கல் எங்கே கிடைக்கும்?

ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று செய்யலாம். உடலின் நிலை குலையத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். 15 முறை எளிதாகும் போது சுமையைச் சிறிது கூட்டலாம். ஒரே முறையில் பத்தில் ஒரு பங்கிற்கு மேல் வேண்டாம். மறுநாள் தசையில் தோன்றும் மந்தமான வலி இயல்பானது. மூட்டில் குத்தும் வலியோ, மயக்கமோ கண்டால் நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். இதய நோய், இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா உடைய பிள்ளைகள் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டை மாடிப் பயிற்சியை விடியற்காலையிலேயே முடித்துவிடுவது நலம்.

பட்டினி பயிற்சியன்று

விளையாடும் பிள்ளை உணவைக் குறைத்தால், உடல் தனக்குரிய வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு தவறும். எலும்பு மெலிந்து, அடிபடாமலே விரிசல் காணும். காய்ச்சலும் சளியும் அடிக்கடி வரும். ஆண்களுக்கும் இக்கேடு உண்டு என்பதை உலக ஒலிம்பிக் சங்கத்தின் மருத்துவ வல்லுநர்கள் 2014இல் எடுத்துரைத்தனர். மூன்று மாதம் மாதவிலக்கு வராவிடில், ‘விளையாடும் பெண்ணுக்கு அப்படித்தான்’ என்று வாளாவிருத்தல் கூடாது.

மாவு டப்பா இன்றியமையாததன்று. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. சுண்டல், நிலக்கடலை, பருப்பு, பால், நொச்சிக்குப்பத்து மீன் ஆகியவை நம் அடுக்களைக்குப் புதியவையல்ல. டப்பாக்கள் சிலவற்றில் சொல்லப்படாத மருந்துகள் கலந்திருப்பதும் உண்டு. ஸ்டீராய்டு மருந்துகளோ வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளை முன்னதாகவே மூடி, உயரத்தைப் பறித்துவிடும். எல்லாவற்றிற்கும் மேலாக 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும்.

எடையின் கொடுமை எத்தகையதென்பதை 2024 ஆகஸ்டு 7 அன்று நாடே கண்டது. பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவு மற்போரின் இறுதிச் சுற்றை எட்டிய வினேஷ் போகட், இரவெல்லாம் முயன்றும் வெறும் 100 கிராம் கூடுதலாக இருந்தமையால் தகுதியிழந்தார். முதிர்ந்த வீராங்கனை, மருத்துவர் சூழ, விதியின் பொருட்டு ஏற்ற துன்பம் அது. எட்டாம் வகுப்பு மாணவி தானாகவே அவ்வழியில் இறங்க வேண்டுமா?

இறைவன் வார்த்த பல வடிவங்கள்

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதுச் சிறுவனின் வலது கால் பேருந்தின் கீழ் நசுங்கியது. காய்கறி விற்ற தாயின் மகனான அந்த மாரியப்பன் தங்கவேலு, 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். அடுத்த இரு பாராலிம்பிக் போட்டிகளில் வெள்ளியும் வெண்கலமும் பெற்றார். ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவன், குள்ளமான உடலமைப்புடையோர்க்கான பூப்பந்தாட்டப் பிரிவில் 2024இல் பாரிஸில் வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது 19. கடைக் கண்ணாடியைக் கேட்டிருந்தால் இவ்விருவர்க்கும் அது என்ன தீர்ப்பளித்திருக்கும்? உடலைத் தூய ஆவியின் ஆலயம் என்று புனித பவுல் கொரிந்தியர்க்கு எழுதியபோது, அழகிய உடலென்றும் அழகற்ற உடலென்றும் பிரித்துரைக்கவில்லை.

பெற்றோரின் நாவு

அன்பார்ந்த பெற்றோரே! ‘குண்டு’, ‘ஒல்லிப்பிச்சான்’, ‘கருத்துப் போயிட்டே’ என்னும் சொற்களை இன்றே வீட்டிலிருந்து விலக்குங்கள். தாய் தன் உடலைத் தானே பழிப்பதையும் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிள்ளைக்கு ஒரு சிறு குறிப்பேடு வாங்கிக் கொடுங்கள். அதில் உடல் எடை வேண்டாம். இவ்வாரம் எத்தனை தண்டால், எத்தனை பஸ்கி என்பது மட்டும் இருக்கட்டும். முடிந்தால் நீங்களும் உடன் செய்யுங்கள். உணவைத் தவிர்த்தல், உண்டதை மறைவில் வாந்தியெடுத்தல், ஓயாமல் எடை பார்த்தல் ஆகியவற்றைக் கண்டால் அதட்டாமல், அன்போடு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மீண்டும் அந்தத் துணிக்கடைக்கு வருவோம். சட்டையின் கை இறுகுகிறது. சிப்பந்தி காத்திருக்கிறார். மகள் தாயின் முகத்தைப் பார்க்கிறாள். “தோள் நல்லாப் பலமாயிருக்கு, கண்ணு. அண்ணா, இதுலே ஒரு அளவு பெரிசா எடுங்க” என்று தாய் சொல்வாளாயின் போதும். அன்றிரவு அப்பிள்ளை வயிறார உண்பாள்; மறுநாள் பந்தோடு மைதானத்திற்கும் செல்வாள்.