குரூசோவும் மூதூரில் பிடிபட்ட கைதியும்

இந்த வருடம் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு வாசிப்புச் சவாலைத் தொடங்கினோம். மாதத்திற்கு ஒரு புத்தகம். அதில் ஒன்று நூறு வருடத்துக்கு முந்திய சாகச நாவலாக இருக்கவேண்டும். நான் டானியல் டீஃபோ 1719இல் வெளியிட்ட 'ரொபின்சன் குரூசோ'வை எடுத்தேன். பாடசாலைக் காலத்தில் சுருக்கப் பதிப்பில் வாசித்த கதைதானே, இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு வாரம் எடுத்தது. அலுக்கவில்லை.

முழு நாவலின் சுவை அதன் அன்றாட வேலைகளில்தான் இருக்கிறது. தனித்தீவில் ஒதுங்கிய குரூசோ, கோழித்தீனிப் பையை உதறிய இடத்தில் பார்லியும் சில நெற்பயிர்களும் முளைத்திருப்பதைக் கண்டு திகைத்துப்போகிறான். இரண்டு மாதம் மினக்கெட்டு அவலட்சணமான இரண்டு மண்சாடிகளைச் செய்து முடிக்கிறான். வாசிக்கிற எங்களுக்கும் ஒரு நிம்மதி வருகிறது.

ஆனால் நான் சிறுவயதில் வாசித்த பதிப்பில் இல்லாத ஒரு பகுதியும் இதில் இருந்தது. தீவுக்கு வருமுன்பே குரூசோ அடிமையாக இருந்தவன். மொரோக்கோவின் சாலே துறைமுகத்தில் இரண்டு வருடம் அடிமையாக இருந்துவிட்டு, சூரி என்ற சிறுவனோடு படகில் தப்புகிறான். தங்களைக் காப்பாற்றிய போர்த்துக்கேயக் கப்டனிடம் அதே சிறுவனை 60 வெள்ளி நாணயங்களுக்குக் கொடுத்துவிடுகிறான். கிறிஸ்தவனாக மாறினால் பத்து வருடத்தில் விடுதலை என்பது ஏற்பாடு. பிறகு பிரேசிலில் தோட்ட முதலாளியாகிறான். கப்பல் உடைந்த அந்தப் பயணமே ஆபிரிக்காவில் அடிமைகளை வாங்கிவரப் புறப்பட்டதுதான்.

இந்த இடத்தில் எனக்கு மூதூர் ஞாபகம் வந்தது. 1660இல் கொட்டியாரக் குடாவில் தரித்த ஆங்கிலக் கப்பலைச் சேர்ந்த ரொபர்ட் நொக்ஸ், இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருடங்கள் கைதியாக வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றுச் சீவித்தார். 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச்சென்றார். 1681இல் இலண்டனில் வெளியான அவரது இலங்கை நூலை டீஃபோ அறிந்திருந்தார். 1720இல் வந்த 'கப்டன் சிங்கிள்டன்' நாவலில் நொக்ஸின் கதையைச் சுருக்கித் தருகிறார். குரூசோவின் உருவாக்கத்திலும் நொக்ஸுக்குப் பங்குண்டு என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

விடுதலையான நொக்ஸ் பின்னர் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்டனாகி, மடகஸ்காருக்கு அடிமைகளை வாங்கப் போனார். கற்பனைக் கைதியும் உண்மைக் கைதியும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். அடைபட்டுக் கிடந்த அனுபவம் மட்டும் ஒருவரை அடுத்தவரின் விடுதலைக்காகப் பேசவைக்காது. ஒடுக்கப்பட்டவர்கள் என்று எங்களைச் சொல்லிக்கொள்ளும் நாங்களும் இதை யோசிக்கவேண்டும்.

அதற்காக இந்த நாவலை ஒதுக்கச் சொல்லமாட்டேன். முழுப் பதிப்பைத் தேடி வாசியுங்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மருமகள் இப்போது சுருக்கப் பதிப்பை வாசிக்கிறாள். மண்சாடிக் கதையைச் சொல்லிவிட்டேன். சூரியின் கதையை இனித்தான் சொல்லவேண்டும்.