ஒரு பெயர், பல கைகள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய சின்ன ஊர் சான் இல்டெஃபோன்சோ. டேவா மொழி பேசும் பூர்வகுடி மக்களின் ஊர். அங்கே செய்த பழைய கறுப்புப் பானை ஏதாவது விலைக்கு வந்தால், வாங்க வருகிறவர் முதல் வேலையாக அதைக் கவிழ்த்துப் பார்ப்பார். அடியில் மரியா மார்ட்டினெஸின் கையெழுத்து இருந்தால் விலையே வேறு.

அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு குடும்பமே உழைத்தது. சிறுமியாக இருந்தபோது உறவுக்காரப் பெண்மணி நிக்கோலாசாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்தே கற்றவர் மரியா. 1904இல் கல்யாணமான கையோடு கணவர் ஹூலியானுடன் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்குப் போய், அங்கே பானை செய்து காட்டினார். சில ஆண்டுகள் கழித்து எட்கர் ஹெவெட் என்ற தொல்லியலாளர் அகழாய்வில் கிடைத்த ஓடுகளைக் காட்டி, இதேபோல முழுப்பானை செய்ய முடியுமா என்று கேட்டார்.

அங்கே பானை செய்யச் சக்கரம் கிடையாது. எரிமலைச் சாம்பல் கலந்த களிமண்ணைக் கயிறாகத் திரித்து, சுற்றிச் சுற்றி அடுக்கி, சுரைக்குடுக்கைச் சில்லால் வழித்து உருவாக்க வேண்டும். காய்ந்தபின் செம்மண் குழம்பு பூசி, ஈரம் உலர்வதற்குள் கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். நடுவில் எழுந்து போனால் விட்ட இடம் காட்டிக்கொடுத்துவிடும். அந்த மெருகின்மேல் ஹூலியான் மண்குழம்பால் அவான்யு என்னும் கொம்புள்ள நீர்ப்பாம்பை வரைவார். அதுவரை பானை சிவப்புதான். வெட்டவெளியில் விறகும் வறட்டியும் அடுக்கிச் சுட்டு, சூடு ஏறியதும் பொடித்த குதிரைச் சாணத்தைக் கொட்டி மூடுகிறார்கள். காற்று நுழையாமல் புகை உள்ளேயே சுற்றுவதால் மண் கறுத்துவிடுகிறது. தேய்த்த இடம் பளபளக்கும், வரைந்த இடம் மங்கி நிற்கும். இவ்வளவு பாடுபட்ட பானையில் தண்ணீர் ஊற்றி வைக்க முடியாது என்பதுதான் வேடிக்கை, மெருகு கெட்டுவிடும்.

1919 வாக்கில் கைகூடிய இந்த உத்தியை இருவரும் ஒளித்து வைக்கவில்லை. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். 1920களில் பானையடியில் ‘மரீ’ (Marie) என்று கையெழுத்து வரத் தொடங்கியது. ஆங்கிலம் பேசும் வாடிக்கையாளர்களுக்குப் பழகிய பெயராம். அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டபோது, அவர்கள் செய்த பானைகளிலும் மரியா தன் பெயரைப் போட்டுக்கொடுத்தார். சேகரிப்பவர்களுக்கு இது தலைவலி. ஆனால் மண் எடுப்பதும் சுடுவதும் பலர் கூடிச் செய்யும் ஊரில், பெயர் மட்டும் ஒருவருக்கே சொந்தம் என்பது சந்தை போட்ட கணக்குதானே?

1943இல் ஹூலியான் இறந்ததும் மருமகள் சான்டானா தூரிகையை எடுத்தார். அடியில் இரு பெண்களின் பெயர்களும் சேர்ந்து வந்தன. 1956 முதல் மகன் போப்போவி டா வரைந்தார். பெயரோடு மாதத்தையும் ஆண்டையும் எழுதும் வழக்கம் அவர் கொண்டுவந்தது. பேரன் டோனி டா பானையில் நீலப் பச்சைக் கற்களைப் பதித்தார். மரியா 1980இல் காலமானார். அவருடைய கொள்ளுப்பேத்தி பார்பரா கொன்சாலஸ் செய்த பானைகளில் பாம்போடு ஒரு சிலந்தியும் வலை பின்னுகிறது.

அடுத்த வாரம், பக்கத்து ஊரான சான்டா கிளாரா: கரடிப் பாதம் பதித்த பெரிய ஜாடிகளுக்குப் பெயர்போன மார்கரெட் டஃபோயா.