நியூட்ரினோவை யார் முகத்தில் பார்த்தோம்?

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில், ஏலமலைச் சரிவுகள் இறங்கி முடியும் அடிவாரத்தில் இருக்கிறது பொட்டிபுரம். அங்குள்ள அம்பரப்பர் மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, 50,000 டன் இரும்பாலான காந்தக் கருவியை நிறுவி நியூட்ரினோ துகள்களை ஆராயும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பு சுமார் 1,500 கோடி ரூபாய். அதன்பின் அந்தச் சிற்றூரின் பெயர் தமிழகத்தின் வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் தொலைக்காட்சி வழியாகத்தான். நியூட்ரினோ என்றால் என்ன என்று பிடிபடுவதற்கு முன்பே, அதைப் பற்றிப் பேசுகிறவர்களில் யாரை நம்புவது என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முடிவில் வாதத்தைவிட உடல்மொழிக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. பார்வையாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. விவாதங்கள் நடத்தப்படும் விதம் அப்படி.

1960 செப்டம்பர் 26 அன்று கென்னடியும் நிக்சனும் மோதிய முதல் தொலைக்காட்சி விவாதத்தை இந்தப் பேச்சில் தவிர்க்க முடியாது. வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் வென்றார் என்றார்கள், திரையில் பார்த்தவர்கள் கென்னடி என்றார்கள் என்பது பழகிப்போன கதை. அந்தக் கதைக்கு அடிப்படையான கருத்துக்கணிப்பு நம்பத்தக்கதல்ல என்று பின்னாளில் ஆய்வாளர்களே மறுத்துவிட்டார்கள். அது சரியான மறுப்பும்கூட. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அரசியல் அறிஞர் ஜேம்ஸ் டிரக்மன் அதே விவாதத்தை ஒரு குழுவுக்குக் காட்சியாகவும் இன்னொரு குழுவுக்கு ஒலியாக மட்டும் கொடுத்துச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார். பார்த்தவர்களிடம் கென்னடியின் கை ஓங்கியிருந்தது; அவர்கள் ஆளின் தன்மையை வைத்து எடைபோடுவதும் கூடுதலாக இருந்தது. பேச்சே இல்லாமல் முகம் மட்டும் என்ன செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்க செனட் வேட்பாளர்களின் படங்களைக் கணநேரம் காட்டி, யார் திறமைசாலியாகத் தெரிகிறார் என்று அலெக்சாண்டர் டோடரோவ் குழுவினர் கேட்டார்கள். அந்தப் பதில்கள் ஏறத்தாழ 70 சதவீதப் போட்டிகளில் தேர்தல் முடிவோடு ஒத்துப்போயின. 2005இல் வந்த ஆய்வு அது.

இனி நம் அரங்குக்கு வருவோம். பாறையை வெடிவைத்து உடைத்தால் முல்லைப் பெரியாறு, இடுக்கி அணைகளுக்கு என்ன ஆகும் என்று கேட்டால், நேர்மையான விஞ்ஞானி ஒரு கணம் யோசிப்பார். “அதிர்வு இந்த அளவைத் தாண்டாது என்று கணக்கிட்டிருக்கிறோம்” என்று நிபந்தனையோடு பேசுவார். அவருடைய துறையில் அதுதான் ஒழுக்கம். திரையிலோ அந்தத் தயக்கம் எதையோ மறைப்பதாகத் தெரியும். அவரே சிரித்துக்கொண்டு “பயப்பட ஒன்றுமில்லை” என்றால் அது திமிராகப் படும். விஞ்ஞானிகளைத் திறமைசாலிகளாக மதிக்கும் மக்கள் அவர்களிடம் நெருக்கத்தை உணர்வதில்லை என்று சூசன் ஃபிஸ்க் 2014இல் அமெரிக்கர்களிடையே கண்ட முடிவு இங்கேயும் பொருந்தும் என்று தோன்றுகிறது. எதிர்த்தரப்புக்கு மட்டும் சலுகை கிடைக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஆவணத்தைப் புரட்டி நிதானமாகப் பேசும் சூழலியலாளரும் இதே தராசில் தோற்பார். விரல் நீட்டி மேசையைத் தட்டுபவர் ஜெயிப்பார். பட்டிமன்றத்தில் பேச்சாளருக்குக் குறுக்கீடில்லாமல் சில நிமிடமாவது கிடைக்கும். செய்தி விவாதத்தில் திரை நான்காகவோ ஆறாகவோ பிரிகிறது. ஒருவர் பேசும்போது மற்றவரின் உதட்டுச் சுழிப்பும் தலையாட்டலும் கூடவே ஓடுகின்றன. சொல்லப்படாத மறுப்பு சொல்லப்பட்ட வாதத்தை அடித்துக்கொண்டு போகிறது. பொட்டிபுரத்து விவசாயிக்கோ இதில் ஒரு கட்டம்கூட நிச்சயமில்லை.

கட்சி மனம் உள்ளவர் எந்த முகபாவத்துக்கும் அசைய மாட்டார் என்பார்கள். உண்மைதான். ஆனால் நியூட்ரினோவில் அப்படி முன்கூட்டியே பக்கம் பிடித்திருந்தவர்கள் எத்தனை பேர்? தெரியாத பொருளில்தான் முகம் அறிவின் இடத்தைப் பிடிக்கிறது. இன்னொரு எதிர்வாதம் இதைவிட வலுவானது: முகம் பார்த்து மனம் அறிவது நம் மரபில் ஒரு கலை, குறளில் குறிப்பறிதல் என்ற பெயரிலேயே இரண்டு அதிகாரங்கள் உண்டே என்று கேட்கலாம். ஒன்று அரசனோடு பழகும் அமைச்சருக்கு, மற்றது காதலருக்கு. இரண்டிலும் நெருங்கிய பழக்கம் இருக்கிறது. முன்பின் அறியாத ஒருவரைச் சில நிமிடம் திரையில் பார்த்துப் பொய்யா மெய்யா என்று சொல்லும் திறமை நமக்கு மிகக் குறைவு. பல ஆய்வுகளைத் தொகுத்த பாண்டும் டிபாலோவும் 2006இல் கண்ட சராசரி 54 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும்.

அப்படியானால் விஞ்ஞானிகளுக்கு மேடைப் பயிற்சி கொடுக்கலாமே என்பது எளிதாகத் தோன்றும் வழி. கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் நோய் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தத் திட்டத்தின் போக்கை உண்மையில் திருப்பியவை தூரக் கணக்குகளும் விதிகளும். கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதால் உயர்நிலைப் பரிசீலனை தேவை என்ற அடிப்படையில்தான், 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. மறு ஆண்டு மத்திய அரசு நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதி தந்தது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் இத்திட்டத்தை எதிர்த்தபோது முன்வைத்ததும் புலிகளின் வழித்தடத்தைத்தான். இவற்றில் எதையும் யாருடைய புருவத்திலும் படிக்க முடியாது. ஒரு வரைபடம் வேண்டும்.

போடி ஏலக்காய் ஏலத்தில் மாதிரிக் காய் வியாபாரியின் கைக்கு வருகிறது. அவர் பருமனையும் நிறத்தையும் பார்த்துக் கணினியில் விலை போடுகிறார். விற்பவர் முகம் அங்கே கணக்கில் இல்லை. செய்தி ஆசிரியர்களும் அதைச் செய்யலாம். ஒருவர் பேசும்போது மற்றவர்களின் கட்டங்களை மூடுங்கள். அந்த இடத்தில் வரைபடத்தையும் ஆணையின் பக்கத்தையும் காட்டுங்கள். குறுக்கீடில்லாத மூன்று நிமிடம் கொடுங்கள். சென்னை அரங்குக்கு வர முடியாத பொட்டிபுரத்துக்காரருக்கும் அதே மூன்று நிமிடம் கொடுங்கள்.